வெள்ளிக்கிழமை நோட்டு

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு இரும்பு கிரில் வந்தது எந்த வருஷம் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். ஐம்பதைத் தாண்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, ‘எங்க காலத்துல கதவத் திறந்து போட்டுத் தூங்கினோம்’ என்று பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருக்கிறோமே, நம்மைத்தான். நானும் அளப்பவள்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கிரில் வந்த வருஷம் எனக்கு மறக்காது. எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த செப்டம்பரில் தொடங்கி, கிறிஸ்துமஸ் வருவதற்குள் தெரு முழுக்கக் கம்பி போட்டு முடித்திருந்தோம்.

காக்ஸ் டவுனில் வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் இருந்த தெரு எங்களுடையது. ஜன்னலுக்கு மேலே மரத்தில் கூரான தொப்பி வைத்திருக்கும். பச்சை பெயின்ட் அடித்த ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். கிரில்காரர் அவசரத்தில் எங்கள் ஹால் ஜன்னலுக்கு வெளிப்பக்கமே கம்பியை அடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் திறக்கவே இல்லை. ‘பரவால்ல, சேஃப்டிதான முக்கியம்’ என்றார் அப்பா. எதிர்வீட்டுச் செண்பக மரத்தை நான் கடைசியாக ஹாலிலிருந்து பார்த்தது அந்த வருஷம்தான்.

முதலில் போனது பாட்டு டீச்சர் வீடு. எங்கள் சர்ச் சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர், தனியாக இருந்தவர். கண் ஆபரேஷனுக்கு வேலூர் போய் ஐந்து நாள் கழித்துத் திரும்பினால், பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய அம்மாவின் வளையல்கள், தையல் மெஷினின் மேல்பாகம், கேக்குக்காக ஊறப்போட்டிருந்த பழ ஜாடி, எல்லாம் போயிருந்தன. கண்ணில் பச்சைத் துணியோடு வாசற்படியில் உட்கார்ந்து, ‘வளையல் போகட்டும்டி, பழத்தக்கூடவா எடுத்துட்டுப் போவான்?’ என்று கேட்டு அழுதார்.

அடுத்தது, ரிட்டையரான ரயில்வே கார்டு தாத்தா வீடு. பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக் குடும்பத்தோடு மெட்ராஸ் போயிருந்தார்கள். மூன்றாவது, மகள் கல்யாணத்துக்கு நகை சேர்த்து வைத்திருந்த நர்ஸம்மா வீடு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மாவும் மகளும் புடவை எடுக்கப் போன இரண்டு மணி நேரத்தில் அலமாரி காலி. அந்தக் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு நடக்காமலே போனது.

பயம் என்றால் என்ன பயம்! தலைமாட்டில் மிளகாய்ப்பொடி டப்பா. அம்மாவின் தாலிச்செயின் துணியில் சுற்றிய நிலையில் அரிசி டிரம்முக்குள். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வருவானாம், பிடித்தால் வழுக்குமாம் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போக, நாங்கள் பிள்ளைகள் கழிவறைக்குக்கூட ஜோடியாகப் போனோம். பஸ் ஸ்டாப்பில் பட்டப்பகலில் செயினை அறுத்தார்கள். ‘நாடே கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு’ என்று அப்பா தினமும் பேப்பரை மடித்து வைப்பார். மடித்த கையோடு கேட் பூட்டை இழுத்துப் பார்ப்பார். எங்கள் தெருவில் பஜனை பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகிற கிறிஸ்துமஸ் வழக்கம் அந்த வருஷம் நின்றது. அடுத்த வருஷமும் தொடங்கவில்லை.

எங்கள் காம்பவுண்டின் பின்பக்கத்தில் ஓர் அவுட்ஹவுஸ் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அதில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. குடும்பத் தலைவரை நான் கோலார் மாமா என்பேன். சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது, இனிமேல் கீழே இறங்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்கு வந்திருந்தார். அவர் மனைவிக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, கார்மென்ட்ஸில் தையல். அவர்களுடைய ஒரே மகள் என் வகுப்பு. ஒரே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் வாய்ப்பாடு ஒப்பிப்போம்.

அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு புத்தர் படம், அதன் பக்கத்து ஆணியில் ஒரு பித்தளை விளக்கு. சுரங்கத்துக்குள் கையில் கொண்டுபோகிற கார்பைடு விளக்கு. அவருடைய அப்பாவும் அதைத்தான் வைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் புளி போட்டுத் துலக்குவார். எப்போதாவது எங்களுக்காக ஒரு சின்ன கார்பைடு துண்டைப் போட்டுத் தண்ணீர் விட்டு ஏற்றிக் காட்டுவார். பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம் வரும், பின்னாலேயே பால் மாதிரி வெளிச்சம். ‘இன்னா பாப்பா, மூக்க மூடுற? இந்த நாத்தத்துலதான் எங்க வூட்டுல மூணு தலைமொற சோறு துன்னுச்சு’ என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் கொஞ்ச நேரம் நிற்காது.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் சபைக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் கூடி ஜெபம் பண்ணுவோம். இரண்டு பாட்டு, ஒரு வேத வசனம், பிறகு ஜெபக் குறிப்பு. யார் யாருக்கு என்ன கஷ்டம், என்ன நன்றி, எங்கே பயணம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அப்பாதான் செயலாளர். கேட்டுக் கேட்டு எழுதியது நான். என் எழுத்து குண்டு குண்டாக முத்து மாதிரி இருக்கும் என்று பாஸ்டரே மெச்சியிருந்தார். நீளமான நோட்டு, பழுப்பு அட்டை, மார்ஜினுக்குச் சிவப்புப் பென்சில். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதியும், அன்றைக்குக் கூட்டம் நடந்த வீடும். அந்த வாரம் முழுக்க நோட்டு வீடு வீடாகச் சுற்றும். இன்றைக்கு இந்த வீடு அதைப் பார்த்து ஜெபிக்கும், நாளைக்கு அடுத்த வீடு. தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதும் வாங்குவதும் என் வேலை. யார் கண்ணிலும் படாமல் ஃபிராக்குக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

கோலார் மாமாவை அம்மா ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ‘ஒரு வெள்ளிக்கிழமை வந்து உக்காந்துதான் பாருங்களேன்.’

‘நமக்கு நம்ம புத்தர் போதும்மா. நீங்க கும்புடுங்க. கேட்டாண்ட நான் நின்னு பாத்துக்குறேன்.’

சொன்ன மாதிரியே, எங்கள் வீட்டு முறை வருகிறபோது கேட்டில் நிற்பார். தெருநாய் வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வார். கூட்டம் முடிந்து போகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வார். அவருக்கு இரண்டு தேங்காய் பன் எடுத்து வைப்பது என் வழக்கம்.

நான்காவது திருட்டு பேங்க் அங்கிள் வீட்டில் நடந்தது. கணவன் மனைவி இருவரும் மாமனார் சாவுக்குத் திருச்சி போயிருந்த மூன்று நாளில். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆண்கள் எல்லாரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். காபி எடுத்துக்கொண்டு போனது நான்தான். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

‘வெளியாள் வேல இல்ல சார் இது. யாரு எப்ப இருக்காங்க, எப்ப இல்லன்னு கிட்ட இருந்து பாக்குறவன்’ என்றார் ரயில்வே தாத்தா.

‘உங்க அவுட்ஹவுஸ் ஆளு எப்ப வர்றான், எப்ப போறான்?’ என்றார் பேங்க் அங்கிள்.

‘ஷிப்ட் வேல சார்’ என்றார் அப்பா.

‘அதத்தான் சொல்றேன். சுரங்கத்துல இருந்தவன், இருட்டுப் பழக்கம். கடப்பாரை, விளக்கு எல்லாம் வெச்சிருக்கான். நாம கண்ண மூடி ஜெபம் பண்றப்ப அவன் கேட்டுல நின்னு என்ன பண்றான்? காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறான்.’

யாரும் கோலார் மாமாவைத் திட்டவில்லை, ஜாதி கீதி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் படித்தவர்கள். மெதுவாக, வருத்தத்தோடு, பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டே பேசினார்கள். கடைசியில் போலீஸுக்கு மனு எழுதியது அப்பா. அவர் இங்கிலீஷ் அவ்வளவு அழகாக இருக்கும். ‘சந்தேகத்துக்கிடமான நடமாட்டம்’ என்பதற்கு ஒரு நல்ல வார்த்தை தேடி இரண்டு நிமிஷம் யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் போலீஸ் வந்தது. கோலார் மாமா ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘ஏளோ மேலே’, எழுந்திருடா என்று கன்னடத்தில் அதட்டி, ஒருவன் தட்டைக் காலால் தள்ளினான். சோறு முற்றத்தில் சிதறியது. அவர் கை கழுவ வேண்டும் என்று சைகை காட்டினார், விடவில்லை. ஆணியிலிருந்து விளக்கையும், கதவுக்குப் பின்னாலிருந்த கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்து, ‘சார், இன்னான்னு கேளுங்க சார்’ என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா உள்ளே ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் லேஸ் கட்டி நான் பார்த்ததில்லை.

கேஸ் எதுவும் எழுதவில்லை. சும்மா வைத்திருந்தார்கள். விசாரணை என்றார்கள். அத்தை தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டேஷனுக்குப் போவார், அப்படியே திரும்பி வருவார். அவர் மகள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் துவைக்கிற கல்லருகில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

‘எங்கப்பா இல்லடி. உனக்குத் தெரியாதா?’

‘தெரியும்’ என்றேன்.

‘நீங்க ஏதோ நோட்டுல எழுதி சாமி கும்புடுவீங்களே, அதுல எங்கப்பா பேர எழுதுடி. அவர வுட்டுடணும்னு எழுது. நீ எழுதுனா நடக்கும். உன் கையெழுத்து நல்லா இருக்கும்.’

எழுதுகிறேன் என்று சத்தியம் பண்ணினேன். அவர்கள் நம் சபையில்லையே, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குழப்பம். சபையில் இல்லாத யாருக்காகவாவது முன்னால் எழுதியிருக்கிறேனா என்று பார்க்கத்தான் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

‘பாட்டு டீச்சர்: திங்கள் வேலூர் பயணம், கண் ஆபரேஷன், ஐந்து நாள். பிரயாணத்தில் பாதுகாப்பு.’

‘ரயில்வே தாத்தா குடும்பம்: ஞானஸ்நானம், புதன் மெட்ராஸ் போய் ஞாயிறு திரும்புதல்.’

‘நர்ஸம்மா: மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்தாயிற்று, ஸ்தோத்திரம். சனி மத்தியானம் இருவரும் புடவை எடுக்கப் போகிறார்கள், நல்லபடி அமைய.’

‘பேங்க் அங்கிள்: மாமனார் மிகவும் சீரியஸ், எந்த நிமிஷமும் திருச்சி புறப்பட வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நாட்களில் கர்த்தர்தாமே காவலாக இருக்க.’

நான்கும் என் கையெழுத்து, குண்டு குண்டாக, நாளும் நேரமும் போட்டு. திருடன் ஜன்னல் ஏறி வேவு பார்க்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து ஆமென் சொல்லியிருக்கிறான். இல்லையென்றால் நான் கொண்டுபோய்க் கொடுத்த நோட்டை அவன் வீட்டு மேஜையில் வைத்துப் படித்திருக்கிறான்.

நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் குளிக்கத் தயாராக, தோளில் துண்டோடு வெந்நீர் அடுப்பின் முன் குந்தியிருந்தார். செம்பு அண்டாவுக்குக் கீழே விறகு எரிந்துகொண்டிருந்தது. நான்கு பக்கத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். அப்பா வாசித்தார். மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போய் வாசித்தார்.

‘கேட்டுல நின்னவன் காதுல விழுந்திருக்கும்’ என்றார்.

‘இல்ல டாடி. மேல பாருங்க. இந்த நாலு வாரமும் நம்ம வீட்ல கூட்டமே நடக்கல. வேற வேற வீடு. மாமா நம்ம கேட்டுல மட்டும்தான நிப்பாரு.’

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு வருத்தப்பட மாட்டேன்.

‘யார்கிட்டயாவது சொன்னியா?’

‘இல்ல.’

‘பாப்பா, நல்லாக் கேட்டுக்கோ. இது வெளிய போச்சுன்னா முப்பது குடும்பமும் ஒருத்தர ஒருத்தர் திருடன்னு பாப்பாங்க. சபையே ரெண்டாப் போயிடும். அது கெடக்கட்டும். நோட்ட வீடு வீடாத் தூக்கிட்டுப் போனது யாரு?’

‘நான்.’

‘போலீஸ் மொதல்ல யாரக் கூப்டுவான்?’

தட்டைத் தள்ளிய அந்தக் கால் கண் முன்னால் வந்தது.

‘அவரு தப்பு பண்ணலல்ல? அப்ப ரெண்டு நாள்ல விட்ருவாங்க. தப்பு பண்ணாதவங்கள வெச்சிக்கிட்டு போலீஸ் என்ன பண்ணப் போறான்?’ என்றார். இதை அவர் முழுக்க நம்பித்தான் சொன்னார். மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற, வரிசையில் நின்று ரேஷன் வாங்குகிற மனிதர். ஸ்டேஷன் என்பதும் ஒரு ஆபீஸ் என்று நினைத்தார். மனுப் போட்டால் பார்ப்பார்கள், தப்பில்லையென்றால் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார்.

பிறகு நோட்டை இரண்டாக மடித்து அடுப்பில் வைத்தார். பழுப்பு அட்டை லேசில் பிடிக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து ஊதினார். என் ஆறு மாதக் கையெழுத்து எரிந்தது. அந்த வெந்நீரில்தான் அப்பாவும், பிறகு நானும் குளித்தோம். பள்ளிக்கு நேரமாகிவிட்டதல்லவா.

அவள் அப்பாவின் பெயரை நான் எழுதவில்லை. எழுதுவதற்கு நோட்டு இல்லை.

அவர் உள்ளே இருந்தபோதே ஐந்தாவது வீட்டிலும் திருட்டுப் போனது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. இனி அப்பா போய்ச் சொல்லிவிடுவார், மாமா வந்துவிடுவார் என்று கேட் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஹாலில் மறுபடியும் கூடினார்கள். ‘பாத்தீங்களா, கூட்டாளிங்க இருக்கானுங்க. இவன உள்ள வெச்சதுக்குப் பழி வாங்குறானுங்க’ என்றார் பேங்க் அங்கிள். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பாவைப் பார்த்தேன். அவரும் ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை புது நோட்டு வந்தது, நீல அட்டை. வழக்கம்போல நான்தான் எழுதினேன். ரயில்வே தாத்தா சொன்னதுதான் முதல் குறிப்பு. ‘நம் தெருவைப் பிடித்த கள்ளர் பயத்துக்குக் கர்த்தர் ஒரு முடிவு காட்டத் தொடங்கியிருக்கிறபடியால் ஸ்தோத்திரம்.’ கையெழுத்துக் கோணாமல் எழுதினேன். எழுதும்போது தலைகுனிந்திருந்த ஒவ்வொருவராகப் பார்த்தேன். கிட்டார் வாசிக்கிற அண்ணனா, பொருளாளரா, கூட்டத்துக்குப் பன் கொண்டுவருகிற ஆன்ட்டியா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு திருட்டுகள் தானாகக் குறைந்தன. யாரும் பிடிபடவில்லை. அந்த முப்பது குடும்பத்தில் பாதிப் பேர் இப்போது கல்லறையில். யார் அடக்கத்துக்குப் போனாலும் பெட்டிக்குள் இருக்கிற முகத்தைப் பார்த்து, நீங்களா, நீங்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

நீங்கள் கேட்பீர்கள், இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் கிளறுகிறாய் என்று. போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லிப்ட் பக்கம் நிற்கிற ஒரு சாப்பாடு டெலிவரி ஆள். மூன்றாம் மாடியில் ஏதோ காணாமல் போயிருக்கிறது. ‘ஜாக்கிரதை, எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்.’ ஐந்து நிமிஷத்தில் நாற்பது பேர் அனுப்பிவிட்டார்கள். ‘அவர்தான் என்று எப்படித் தெரியும்?’ என்று தட்டினேன். அழித்தேன். கேமரா, கைரேகைப் பூட்டு, கேட்டில் மூன்று காவலாளிகள் எல்லாம் வந்துவிட்டன. நான் அந்த ஹாலில் காபித் தட்டோடு நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து கோலார் மாமாவை விட்டார்கள். ஆட்டோவிலிருந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. பாறை துளைத்த கை. சட்டைப் பொத்தானை அவர் மகள் போட்டுவிட்டாள். அவள் சோறு பிசைந்து ஊட்ட, அவர் வாயைத் திறந்து வாங்குவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். பொம்மசந்திரா வேலையும் போய்விட்டது. போலீஸ் தொட்ட ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனை முடிந்து வருகிறபோது வாசலில் மெட்டடார் வேன் நின்றது. சந்தாபுராப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். கோலார் மாமா அப்பாவைப் பார்த்துக் கை குவிக்கப் பார்த்தார். அந்தக் கை சேரவில்லை.

‘சார், ஒரே ஒரு ஒதவி. அந்த லாம்ப்ப மட்டும் டேசன்ல கேட்டு வாங்கித் தாங்க சார். நீங்க சொன்னா குடுப்பாங்க. எங்கப்பாருது.’

‘கண்டிப்பா’ என்றார் அப்பா. பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. சாகிற வரைக்கும் அந்தப் பக்கத்துச் சாலையில் ஸ்டேஷனைக் கடக்கும்போது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவள் வேனின் பின்னால் பாய்ச்சுருள்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தாள்.

‘நோட்டுல எழுதுனியாடி?’

என் கையில் வேதாகமமும் அந்த நீல நோட்டும் இருந்தன.

‘எழுதினேன்’ என்றேன்.

‘எனக்குத் தெரியும்டி’ என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். ‘அம்மாகிட்ட சொல்லிக்கினே இருந்தேன். நீ எழுதுனதாலதான் அப்பாவ வுட்டாங்க.’